மூன்றாவது சீட்டு யாருக்கு? பூன்டோ பாங்கோ விதிகள்: ஓர் எளிய விளக்கம்

பூன்டோ பாங்கோ என்பது பாக்கரா சீட்டாட்டத்தின் வடிவங்களுள் ஒன்று. இன்று ஒரு காசினோவில் வெறுமனே பாக்கரா என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது இந்த வடிவத்தையே குறிக்கும். மக்காவ் நகரின் சூதாட்ட வருவாயில் மிகப் பெரிய பங்கு இந்த ஆட்டத்திலிருந்துதான் வருகிறது. இத்தனைக்கும் இதில் பணயம் வைப்பவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான்: முதல் சீட்டு வெளியே வருவதற்கு முன் எந்தப் பக்கத்தின் மீது பணம் வைப்பது என்பது. அதற்குப் பிறகு சீட்டு வாங்குவதா, நிறுத்துவதா என்று அவரை எவரும் கேட்பதில்லை. சீட்டுப் போடும் காசினோ ஊழியரான டீலரும் தம் விருப்பப்படி எதையும் செய்வதில்லை. எல்லாம் முன்பே வகுக்கப்பட்ட விதிப்படி நடக்கிறது. அந்த விதிகளுள் ஒன்று மட்டும், அதாவது மூன்றாவது சீட்டைப் பற்றியது, முதன்முறை படிப்பவருக்குப் பொருளற்ற எண்களின் அடுக்காகத் தோன்றும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், ஆட்டத்தின் மற்ற விசித்திரங்களும், குறிப்பாக ஒரு பக்கம் வென்றால் மட்டும் 5 சதவீதம் கமிஷன் பிடிப்பதன் காரணமும், எளிதில் விளங்கிவிடும்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் அங்கேதான். மேசையில் பிளேயர், பேங்கர், சமன் என்று மூன்று கட்டங்கள் வரையப்பட்டிருக்கும். பிளேயர் என்றால் பணயம் வைப்பவர் என்றோ, பேங்கர் என்றால் காசினோ என்றோ பொருள் கொள்ளக் கூடாது. அவை இரண்டு கைகளின், அதாவது இரண்டு சீட்டுத் தொகுப்புகளின் பெயர்கள், அவ்வளவே. மேசையைச் சுற்றி எத்தனை பேர் அமர்ந்திருந்தாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே சீட்டு போடப்படும். அமர்ந்திருப்பவர்கள் அவற்றுள் எது வெல்லும் என்று பணயம் வைக்கிறார்கள். ஒருவர் இந்த ஆட்டத்தில் பிளேயர் மீதும் அடுத்த ஆட்டத்தில் பேங்கர் மீதும் வைக்கலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே பக்கத்தில் வைத்தாலும் தடையில்லை. எந்தப் பக்கம் வென்றாலும் பணம் கொடுப்பது காசினோ. எந்தப் பக்கம் தோற்றாலும் பணத்தை எடுத்துக்கொள்வதும் காசினோவே. இரு கைகளும் சம எண்ணில் முடிந்தால், பிளேயர் மீதும் பேங்கர் மீதும் வைத்த பணம் அப்படியே திரும்பக் கிடைக்கும். சமன் கட்டத்தில் வைத்தவருக்கு மட்டும் வழக்கமாக ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கில் பணம் கொடுக்கப்படும்.

சீட்டுகளின் மதிப்பு எளிது. ஏஸ் சீட்டுக்கு 1. 2 முதல் 9 வரையுள்ள சீட்டுகளுக்கு அவற்றின் மேல் அச்சிட்ட எண்ணே மதிப்பு. 10, ஜாக்கி, ராணி, ராஜா ஆகிய நான்குக்கும் மதிப்பு 0. இஸ்பேட்டா, கிளாவரா என்பதற்கு இந்த ஆட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை. ஒரு கையிலுள்ள சீட்டுகளைக் கூட்டி, விடையின் ஒன்றாம் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 9-உம் 7-உம் சேர்ந்தால் 16. ஆகவே கையின் மதிப்பு 6. ராணியும் 4-உம் சேர்ந்தால் 4. ராஜாவும் 10-உம் சேர்ந்தால் 0. எந்தக் கையும் 9-ஐத் தாண்ட முடியாது. 9-க்கு நெருக்கமாக இருக்கும் கை வெல்கிறது. பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில் 21-ஐத் தாண்டினால் தோற்றுப்போவதைப் போன்ற ஆபத்து இங்கே இல்லை. ஆனால் வேறொரு ஆபத்து இருக்கிறது: 5 வைத்திருக்கும் கைக்கு இன்னொரு 5 வந்தால் கூட்டுத்தொகை 10 ஆகி, மதிப்பு 0-க்கு இறங்கிவிடும்.

இரண்டு சீட்டுகள் கொண்ட ஒரு கை எந்த மதிப்பில் அமையும் என்பதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1 முதல் 9 வரையுள்ள மதிப்புகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9.5 சதவீத வாய்ப்பில் வரும்; 0 மட்டும் ஏறத்தாழ 14.8 சதவீத வாய்ப்பில் வரும். மதிப்பற்ற சீட்டுகள் சீட்டுக்கட்டில் நான்கு வகை இருப்பதால் இந்த வேறுபாடு. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் பயன்படும்.

சீட்டுக் கலைப்பும் பங்கீடும் பெரும்பாலான காசினோக்களில் ஒரே மாதிரியானவை. எட்டுக் கட்டுகள், அதாவது 416 சீட்டுகள், ஒன்றாகக் கலைக்கப்பட்டு ஷூ எனப்படும் சாய்வான பெட்டியில் அடுக்கப்படும். கடைசிச் சீட்டுகளுக்குச் சற்று முன்னால் ஒரு வண்ணப் பிளாஸ்டிக் சீட்டு செருகப்படும். அது வெளியே வந்தால் அந்தப் பெட்டியின் ஆட்டம் முடியப்போகிறது என்று பொருள். தொடக்கத்தில் டீலர் முதல் சீட்டைத் திறந்து காட்டி, அதன் எண் எவ்வளவோ அவ்வளவு சீட்டுகளை ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவார். படச் சீட்டு வந்தால் பத்துச் சீட்டுகள் விலகும். பிறகு பணயம் வைக்க நேரம் கொடுக்கப்படும். பணயம் முடிந்ததும் முதல் சீட்டும் மூன்றாவது சீட்டும் பிளேயருக்கு, இரண்டாவதும் நான்காவதும் பேங்கருக்கு என்று மாறிமாறிப் போடப்படும்.

இரு கைகளில் எதற்காவது முதல் இரண்டு சீட்டிலேயே 8 அல்லது 9 அமைந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இதை நேச்சுரல் என்பார்கள். ஒரு பக்கம் 9, மறு பக்கம் 8 என்றால் 9 வெல்லும். இரண்டும் ஒன்றானால் சமன். ஒரு கைக்கு 8 வந்து மற்றதற்கு 0 வந்திருந்தாலும், அந்த 0-க்கு மேலும் ஒரு சீட்டு வாங்கித் தப்பிக்கும் வாய்ப்பு தரப்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஓர் ஆட்டம் இப்படி நான்கே சீட்டுகளில் முடிந்துவிடுகிறது.

நேச்சுரல் எந்தப் பக்கமும் இல்லையென்றால் முதலில் பிளேயர் கையைப் பார்க்க வேண்டும். அதன் விதி ஒரே வரியில் அடங்கும்: 0 முதல் 5 வரை இருந்தால் மூன்றாவது சீட்டு வாங்கும், 6 அல்லது 7 இருந்தால் நிறுத்திக்கொள்ளும். பிளேயர் நிறுத்திக்கொண்டால் பேங்கருக்கும் அதே விதிதான். பிளேயர் மூன்றாவது சீட்டு வாங்கினால்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில் அப்போது பேங்கர் சீட்டு வாங்குவதும் வாங்காததும் பேங்கர் கையின் மதிப்பை மட்டுமன்றி, பிளேயருக்கு வந்த அந்த மூன்றாவது சீட்டையும் பொறுத்தது.

அந்த விதியை முதலில் சொல்லிவிட்டு, பிறகு காரணத்துக்கு வருவோம். பேங்கர் கை 0, 1, 2 என்றால் எப்போதும் வாங்கும். 3 என்றால், பிளேயரின் மூன்றாவது சீட்டு 8 ஆக இருந்தால் மட்டும் நிறுத்தும். மற்ற எதுவானாலும் வாங்கும். 4 என்றால், பிளேயரின் மூன்றாவது சீட்டு 2 முதல் 7 வரை இருக்கும்போது வாங்கும். 5 என்றால், அது 4 முதல் 7 வரை இருக்கும்போது வாங்கும். 6 என்றால், அது 6 அல்லது 7 ஆக இருக்கும்போது மட்டும் வாங்கும். 7 என்றால் எப்போதும் நிறுத்தும். மனப்பாடம் செய்ய விரும்புவோர் கவனிக்கலாம்: 4, 5, 6 ஆகிய மூன்றுக்கும் மேல் எல்லை 7, கீழ் எல்லை முறையே 2, 4, 6. மேசையில் அமர்ந்து ஆட இது மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை, டீலர் பார்த்துக்கொள்வார். ஆயினும் விதி தெரியாமல் அமர்ந்திருப்பவருக்குத் தாம் வென்றதும் தோற்றதும் ஏன் என்றே புரியாமல் போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, விதி பிளேயரின் மொத்த மதிப்பைக் கேட்கவில்லை என்பதே. மூன்றாவதாக வந்த ஒற்றைச் சீட்டை மட்டும் கேட்கிறது. எல்லாச் சீட்டுகளும் திறந்து கிடக்கும்போது, எதிர்க் கையின் மொத்தத்தைப் பார்க்காமல் ஒரு சீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வது விசித்திரமாகத் தெரியலாம். இதற்கு விடை ஷெமான் த ஃபேர் என்னும் பழைய பிரெஞ்சு வடிவத்தில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் காசினோ பேங்கராக இருப்பதில்லை. மேசையில் அமர்ந்திருப்பவர்களே முறைவைத்துப் பேங்கர் ஆவார்கள். எதிர்த்துப் பணயம் வைத்தவர்களின் சார்பில் ஒருவர் பிளேயர் கையைப் பிடிப்பார். இருவருக்கும் முதல் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். பிளேயர் கேட்டால் மூன்றாவது சீட்டு மட்டும் திறந்து போடப்படும். ஆக, பேங்கருக்குத் தம் கை தெரியும். எதிராளி சீட்டுக் கேட்டதிலிருந்து அவர் கையில் 0 முதல் 5 வரைதான் இருக்கும் என்று தெரியும். திறந்து கிடக்கும் அந்த ஒரு சீட்டும் தெரியும். வேறொன்றும் தெரியாது. இந்த மூன்றையும் வைத்து, வாங்குவதா நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

அந்த நிலையில் அமர்ந்திருக்கும் ஒருவர் போடக்கூடிய மிகச் சிறந்த கணக்கே பூன்டோ பாங்கோவில் விதியாக உறைந்திருக்கிறது. 3-க்கான விதிவிலக்கையே எடுத்துக்கொள்வோம். பேங்கரிடம் 3 இருக்கிறது. பிளேயருக்கு 8 வந்திருக்கிறது. பிளேயரின் முந்தைய கை 0 முதல் 5 வரை எதுவாகவும் இருக்கலாம். அவற்றோடு 8-ஐக் கூட்டினால் முறையே 8, 9, 0, 1, 2, 3 வரும். இந்த ஆறு நிலைகளில் பேங்கரின் 3 மூன்றை வெல்கிறது, ஒன்றில் சமன், இரண்டில் மட்டும் தோற்கிறது. இருக்கிற 3-ஐ வைத்துக்கொள்வதே நல்லது. வந்த சீட்டு 7 என்றால் மொத்தங்கள் 7, 8, 9, 0, 1, 2 ஆகும். மூன்றில் வெற்றி, மூன்றில் தோல்வி. ஆனால் முன்பு பார்த்தபடி மற்ற மதிப்புகளைவிட 0-வே அதிகம் வரும். அந்த 0 இங்கே 7 ஆகி பேங்கரைத் தோற்கடிக்கிறது. ஆகவே சீட்டு வாங்குவது மேல். வந்தது 9 என்றால் கணக்கு நூலிழையில் நிற்கிறது. ஷெமான் த ஃபேரில் இந்த ஓர் இடத்தையும், பேங்கரிடம் 5 இருந்து பிளேயருக்கு 4 வரும் இடத்தையும் பேங்கரின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். பூன்டோ பாங்கோ இரண்டு இடத்திலும் சீட்டு வாங்கவே சொல்கிறது.

6-க்கான விதியும் இதே வழியில்தான் அமைகிறது. பேங்கரிடம் 6 இருப்பது நல்ல நிலை. மேலும் ஒரு சீட்டு வாங்கினால் 1, 2, 3 ஆகிய மூன்று மட்டுமே அதை உயர்த்தும், மதிப்பற்ற சீட்டு அப்படியே விட்டுவிடும், மற்றவை கீழே இறக்கும். ஆகவே கட்டாயம் இருந்தாலொழிய வாங்கக் கூடாது. பிளேயருக்கு 6 அல்லது 7 வந்ததுதான் அந்தக் கட்டாயம். 6 வந்தால் பிளேயரின் மொத்தம் 6, 7, 8, 9, 0, 1 என்று அமையும். பேங்கரின் 6 இவற்றுள் இரண்டை மட்டுமே வெல்லும். 8-உம் 9-உம் வரும்போது பிளேயரின் மொத்தம் பெரும்பாலும் பத்தைத் தாண்டிக் கீழே விழுந்துவிடும் என்பதால்தான் 4, 5, 6 ஆகிய மூன்றிலும் மேல் எல்லை 7-இல் நிற்கிறது.

சீட்டுகள் திறந்து கிடக்கும் ஆட்டத்தில் கவிழ்ந்த சீட்டுகளுக்கான விதியை வைத்திருப்பதால் சில வேளைகளில் வேடிக்கையான காட்சிகள் தோன்றும். பிளேயருக்கு ராணியும் 4-உம், மதிப்பு 4. பேங்கருக்கு 10-உம் 6-உம், மதிப்பு 6. பிளேயர் 4-இல் இருப்பதால் மூன்றாவது சீட்டு வாங்குகிறது; வந்தது 6. மொத்தம் 10, மதிப்பு 0. பேங்கர் 6-க்கு 0 என்று வென்றுவிட்டதாகவே எவருக்கும் தோன்றும். ஆனால் பிளேயரின் மூன்றாவது சீட்டு 6 என்பதால் பேங்கர் இன்னொரு சீட்டு வாங்கியே தீர வேண்டும். வந்த சீட்டு 4 என்று வைத்துக்கொள்வோம், பேங்கரும் 0. ஆட்டம் சமன், பேங்கர் மீது வைத்தவரின் வெற்றி கைக்கு எட்டிய பிறகு நழுவிவிட்டது. இதைக் கண்டு டீலர் தவறு செய்துவிட்டார் என்று எண்ணுவோர் உண்டு. அவர் விதியைத்தான் பின்பற்றினார்.

இன்னும் இரண்டு ஆட்டங்களைப் பார்த்தால் விதி கைவசமாகிவிடும். பிளேயருக்கு ராஜாவும் 7-உம். மதிப்பு 7, நிறுத்திக்கொள்கிறது. பேங்கருக்கு 4-உம் ஏஸும்; மதிப்பு 5. பிளேயர் சீட்டு வாங்காததால் பேங்கருக்கு எளிய விதியே பொருந்தும். 5-இல் வாங்க வேண்டும். 3 வருகிறது, 8-க்கு 7 என்று பேங்கர் வெல்கிறது. அடுத்ததில் பிளேயருக்கு 3-உம் 2-உம், மதிப்பு 5. பேங்கருக்கு 9-உம் 4-உம், மதிப்பு 3. பிளேயர் வாங்கிய சீட்டு 8. மொத்தம் 13, மதிப்பு 3. பேங்கரிடம் 3 இருக்க, பிளேயருக்கு 8 வந்த அந்த ஒரே விதிவிலக்கு இதுதான். பேங்கர் நிறுத்திக்கொள்ள, ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமனாகிறது.

இனி கமிஷனுக்கு வருவோம். பேங்கர் எப்போதும் பிளேயருக்குப் பின்னரே முடிவு செய்கிறது. அதுவும் பிளேயருக்கு என்ன சீட்டு வந்தது என்ற செய்தியோடு முடிவு செய்கிறது. பின்னால் ஆடுபவருக்கு இருக்கும் இந்தச் சாதகம் சிறியதுதான், ஆனால் நிலையானது. எட்டுக் கட்டு ஆட்டத்தில் பேங்கர் வெல்லும் வாய்ப்பு 45.86 சதவீதம், பிளேயர் வெல்லும் வாய்ப்பு 44.62 சதவீதம், சமனாகும் வாய்ப்பு 9.52 சதவீதம். இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று பணம் கொடுத்தால், எல்லோரும் எப்போதும் பேங்கர் மீதே வைத்து, நாளடைவில் காசினோவிடமிருந்து 1.24 சதவீதம் லாபம் எடுத்துச் சென்றுவிடுவார்கள். அதைத் தடுக்கவே பேங்கர் வெற்றியின்மீது 5 சதவீதக் கமிஷன். பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் சில்லுகளில் 100 வைத்துப் பேங்கர் வென்றால் 95 சில்லுகளே கிடைக்கும். வெல்லும் வாய்ப்பான 45.86-இல் 5 சதவீதம் என்பது ஏறத்தாழ 2.29, அதிலிருந்து முன்னர் சொன்ன 1.24-ஐக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 1.06. பேங்கர் பணயத்தில் காசினோவின் சாதகம், அதாவது வைத்த பணத்தில் நாளடைவில் அதற்கு எஞ்சும் பங்கு, அதுவே. பிளேயர் பணயத்தில் கமிஷன் இல்லை. அங்கே காசினோவின் சாதகம் 1.24 சதவீதம். கமிஷன் கொடுத்த பின்னரும் பேங்கர்தான் மலிவான பணயம். கமிஷன் என்ற சொல்லைக் கேட்டே பேங்கரைத் தவிர்ப்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

சமன் பணயம் வேறு கதை. ஒன்றுக்கு எட்டு என்பது கண்ணைக் கவரும் விலைதான். ஆனால் சமன் வருவது நூற்றுக்கு ஒன்பதரை முறை. காசினோவின் சாதகம் 14.36 சதவீதம். ஒன்றுக்கு ஒன்பது கொடுக்கும் மேசைகளில் அது 4.84-ஆகக் குறைகிறது, அப்போதும் மற்ற இரண்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. முதல் இரண்டு சீட்டுகளும் ஒரே எண்ணாக அமையும் என்று வைக்கும் ஜோடிப் பணயம் ஒன்றுக்கு பதினொன்று கொடுக்கும். அதில் சாதகம் 10.36 சதவீதம். ஒரு பெட்டியில் ஏறத்தாழ 80 ஆட்டங்கள் நடக்கும் என்று கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்திலும் 100 சில்லு வைத்தால், மொத்தம் வைத்தது 8,000 சில்லு. பேங்கரில் மட்டும் வைத்தவர் சராசரியாக இழப்பது 85 சில்லு அளவில் இருக்கும். பிளேயரில் வைத்தவர் 99 அளவில் இழப்பார். சமனில் வைத்தவர் 1,150-ஐ நெருங்குவார். இவை சராசரிகள், ஒரே நாளில் ஒருவர் கைக்கு வருவது இதற்கு மேலோ கீழோ வெகுதூரம் விலகலாம்.

ஒவ்வொரு வெற்றியிலும் 5 சதவீதத்தைக் கணக்கிடுவது வேலையை இழுக்கும். பெரிய மேசைகளில் டீலர் ஒவ்வோர் இருக்கைக்கும் உரிய சிறு கட்டத்தில் கமிஷனைக் குறித்துவைத்து, பெட்டி முடிந்ததும் வசூலிப்பார். இந்தத் தொல்லையைத் தவிர்க்கக் கமிஷன் இல்லாத மேசைகள் வந்தன. அங்கே பேங்கருக்கும் ஒன்றுக்கு ஒன்று என்றே கொடுப்பார்கள். ஆனால் பேங்கர் 6 என்ற மதிப்பில் வென்றால் பாதிதான் கொடுப்பார்கள். பேங்கர் 6-இல் வெல்வது நூற்றுக்கு ஐந்து முறைக்குச் சற்று மேல். விளைவாகச் சாதகம் 1.46 சதவீதத்துக்கு உயர்கிறது. பெயரில் கமிஷன் இல்லை. விலையில் பழைய மேசையைவிட அதிகம். வேறொரு வகையில், பேங்கர் மூன்று சீட்டில் 7 எடுத்து வென்றால் பணயம் வெறுமனே திரும்பத் தரப்படும். அதில் சாதகம் 1.02 சதவீதம், பழையதைவிடவும் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் மேசைமேல் ஒட்டியிருக்கும் அறிவிப்பு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். எந்த வெற்றிக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்பதை வாசித்துவிட்டே அமர வேண்டும்.

மேசைகளின் அளவும் வேறுபடும். பெரிய மேசையில் பன்னிரண்டு பேருக்கும் மேல் அமர்வார்கள், மூன்று டீலர்கள் இருப்பார்கள். சிறு மேசையில் ஏழு இருக்கைகள், ஒரே டீலர். விதியில் எந்த மாற்றமும் இல்லை; சிறு மேசையில் ஆட்டம் பல மடங்கு வேகமாக ஓடுவதால் அதே சாதகம் ஒரு மணி நேரத்தில் அதிக முறை வேலை செய்யும். சில மேசைகளில் ஒரு பக்கத்தில் அதிகப் பணம் வைத்தவருக்குச் சீட்டைத் தம் கையால் மெல்ல வளைத்துத் திறக்கும் உரிமை தரப்படும். அந்தச் சீட்டு என்னவென்பது முன்பே தீர்மானமாகிவிட்டது என்றாலும், ஓரத்தில் தெரியும் புள்ளிகளை எண்ணிப் பார்க்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே பலர் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள்.

இன்னொரு வழக்கம் முடிவுகளைக் குறித்துவைப்பது. காசினோவே அட்டையும் பேனாவும் கொடுக்கும். மின்திரையில் பேங்கர் வெற்றி சிவப்பு வட்டமாகவும் பிளேயர் வெற்றி நீல வட்டமாகவும் வரிசையாகத் தோன்றும். தொடர்ந்து ஆறு முறை பேங்கர் வந்துவிட்டதால் இனி பிளேயர்தான் என்று ஒருவரும், வரிசை நீள்கிறது, அதையே பின்தொடர வேண்டும் என்று இன்னொருவரும் அதே திரையைப் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வருவார்கள். பெட்டியில் எஞ்சிய சீட்டுகளுக்கு முந்தைய வெற்றிகளைப் பற்றி எதுவும் தெரியாது. காசினோ பலனுள்ள ஒரு கருவியை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்குமா என்று ஒரு கணம் யோசித்தாலும் போதும்.

வெளிவந்த சீட்டுகளை நினைவில் வைத்து எண்ணுவது சற்று மதிக்கத்தக்க யோசனை. எண்ணிய சீட்டுகள் மீதமுள்ள பெட்டியின் தன்மையை உண்மையிலேயே மாற்றுகின்றன. 1960-களில் பிளாக்ஜாக்கில் சீட்டெண்ணும் முறையை நிறுவிக்காட்டிய கணித அறிஞர் எட்வர்ட் தார்ப், பாக்கராவையும் ஆராய்ந்தார். பிளேயர், பேங்கர் ஆகிய இரு முதன்மைப் பணயங்களிலும் எண்ணிக்கையால் கிடைக்கும் பலன் பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிறியது என்று தெரியவந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அக்கால மேசைகளில் இருந்த, நேச்சுரல் வருமா என்பதன் மீதான தனிப் பணயங்களை மட்டும் வெல்ல முடிந்தது. பிளாக்ஜாக்கில் எண்ணுபவர் தம் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். இங்கே மாற்றிக்கொள்ள ஆட்டமே இல்லை. ஒரே பெட்டியிலிருந்து இரு கைகளும் ஒரே வகைச் சீட்டை வாங்குகின்றன, ஒரு சீட்டு குறைந்தால் இரண்டின் வாய்ப்பும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் அசைகிறது.

இந்த வடிவம் 1950-களின் இறுதியில் ஹவானாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது; 1959-இல் டாமி ரென்சோனி என்பவர் லாஸ் வேகஸ் நகரின் சாண்ட்ஸ் காசினோவில் இதைத் தொடங்கினார். பணயம் வைப்பவரின் முடிவு ஒன்றே என்ற அதன் அமைப்பை எவரும் அசைக்க முடியாது என்றே பல்லாண்டுகள் நினைத்திருந்தார்கள். 2012 ஆகஸ்டில் லண்டன் மேஃபேர் பகுதியிலிருந்த கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட மன்றத்தில் போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவி இதே பூன்டோ பாங்கோவில் ஏறத்தாழ 77 லட்சம் பவுண்டு வென்றார். அவர் செய்தது முழுக்க முழுக்க அந்த ஒற்றை முடிவைக் குறிவைத்தது. பயன்படுத்திய சீட்டுகளின் முதுகுப்புற அச்சு இரு நீள ஓரங்களிலும் ஒன்றுபோல இல்லை. அவருடன் வந்தவர், அதிர்ஷ்ட நம்பிக்கை என்று சொல்லி, 7, 8, 9 ஆகிய சீட்டுகள் வந்தபோது அவற்றை மட்டும் திருப்பிவைக்குமாறு டீலரைக் கேட்டுக்கொண்டார். கலைக்கும் இயந்திரம் சீட்டுகளின் வரிசையை மாற்றுமே தவிர அவற்றின் தலையையும் காலையும் மாற்றாது. அதே சீட்டுகள் மறுபடி பெட்டிக்குள் போனபோது, அடுத்து வரவிருக்கும் சீட்டின் ஓரத்தைப் பார்த்தாலே அது 7, 8, 9-இல் ஒன்றா இல்லையா என்று தெரிந்தது. முதல் சீட்டு எப்போதும் பிளேயருக்கே போகும். ஆகவே உயர்ந்த சீட்டு வரும்போது பிளேயரிலும், மற்ற வேளைகளில் பேங்கரிலும் வைத்தால் சாதகம் காசினோவிடமிருந்து மாறிவிடுகிறது.

மன்றம் பணத்தைக் கொடுக்க மறுத்தது; வழக்கு உயர் நீதிமன்றத்தில் 2014-இலும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2016-இலும் அவருக்கு எதிராக முடிந்து, 2017 அக்டோபர் 25 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதை மோசடி ஆட்டம் என்றே தீர்ப்பளித்தது. தாம் செய்தது மோசடி அல்ல என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தாலும் அது அவரைக் காப்பாற்றாது, செயலைச் சாதாரண நேர்மையுள்ள மனிதர்களின் அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு கூறியதால், இங்கிலாந்தின் குற்றவியல் சட்டத்திலும் அது முக்கியமான இடத்தைப் பெற்றது. இந்த உத்தியை முறியடிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கலைக்கும்போது ஒரு பகுதிச் சீட்டுகளைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்துவிட்டால், ஓரங்கள் சொல்லும் செய்தி அழிந்துவிடும்.